தவக்காலத்துக் கோழிக்கடை

கோழிக்கடை வைத்திருக்கிற கிறிஸ்தவளுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. புரட்டாசியில் இந்துக்காரர்கள் வரமாட்டார்கள், தவக்காலத்தில் நம் ஆட்கள் வரமாட்டார்கள். என்னோடு சேர்ந்து ஈ ஓட்டுகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

நாய்க்கு

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் முடிந்த வாரம். எங்கள் பங்குக் கோயிலில் ஜெபக்கூட்டம் நடத்துகிற அக்கா ஒருத்தர் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் கறுப்புக் கவர். கறியே தொடாத ஆள் இங்கே எங்கே என்று பார்த்தேன். நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்:

"ஊட்டு நாய்க்குங்க. தோலை உரிச்சு, பிரியாணிக்குப் போடறாப்புல பீஸ் போட்டுக் குடுங்க."

ஒருசந்தி

தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் என் மகளுக்கு நிச்சயம் பண்ணினோம். ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளை எங்கள் பங்குப் பையன்தான், பூசைக்கு ஒன்றாகப் போகிறவர்கள்தான். ஆனால் எங்களைவிடக் கீழ் என்று என் அண்ணன் நினைக்கிற சாதி. அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார்.

தாய்மாமன் வந்து நிற்காத கல்யாணம் என்ன கல்யாணம்? வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் அண்ணன்தான் சிலுவை தூக்குவார். தவக்காலம் முச்சூடும் கறி கிடையாது, செருப்பு கிடையாது. இப்படி விரதம் இருக்கிற மனுசன் மனசு இளகாமலா போகும் என்று நம்பி, சிலுவைப்பாதை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். "வந்து முன்னால நில்லுங்கண்ணா, உங்க மருமக உங்களையேதான் கேக்கறா" என்று அழுதேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. அண்ணியிடம் சொன்னார்:

"ஒருசந்தி இருக்கறவனைக் கோவப்பட வெக்க வேண்டாம்னு அவகிட்டச் சொல்லு."

துண்டு

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், கர்த்தர் சீடர்களுக்குக் கழுவின மாதிரி பன்னிரண்டு பேருக்குச் சாமியார் பாதம் கழுவுவார். அந்த வருசம் கோயில் உபதேசியார் போட்ட நாற்காலியில் அண்ணனுக்குப் பக்கத்தில் என் சம்பந்தி ஆரோக்கியசாமி. லாரிப் பட்டறையில் பெயின்ட் அடிக்கிறவர். கர்த்தரே சேர்த்து உட்காரவைத்திருக்கிறார் என்று என் மகள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சாமியார் சம்பந்தி காலைக் கழுவித் துடைத்துவிட்டு, அதே துண்டோடு அண்ணன் முன்னால் மண்டி போட்டார். அண்ணன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "எனக்கு வேற துண்டு குடுங்க சாமி" என்றார். சாமியார் சட்டையில் மைக் இருந்தது, கோயிலுக்கே கேட்டது. உபதேசியார் ஓடிப்போய் வேறு துண்டு கொண்டுவந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெளியே வந்து சம்பந்தி முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவர்தான் பேசினார்:

"உடுங்க சம்பந்தி. ஊட்டுலயே நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தானுங்க வந்தேன்."

தவக்காலத்தில் என் அண்ணன் விட்டது கறி, செருப்பு, தங்கச்சி. ஈஸ்டர் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் வேறு கடையில் கறி வாங்கினார்.