பதினோராவது ப்ரோகிராம்

ஜைனுதீனிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் மறுபடி போய்க் கேட்க வேண்டியதில்லை என்று ஜெர்சி சிட்டியில் பத்துப் பேராவது சொல்வார்கள். கீழக்கரையில் பிறந்து, சென்னையில் படித்து, ஒன்பது வருடமாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் ப்ரோகிராம் எழுதுகிறார். ஒவ்வொரு வருடமும் ஜூலை முடிவில் கான்ட்ராக்டை நீட்டினால்தான் விசா நிலைக்கும். விசா நிலைத்தால்தான் ஜர்னல் ஸ்கொயரில் வாடகை வீடும் மகள் தஸ்னீமின் பள்ளிக்கூடமும் நிலைக்கும். நீட்டாவிட்டால் அறுபது நாளில் வேறு வேலை தேட வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும்.

அந்த வங்கியில் அவர் வளர்த்த பிள்ளை ஒரு லைப்ரரி. எந்த நாள் விடுமுறை, அனுப்பிய பணம் எந்த நாளில் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும். பதினோரு ப்ரோகிராம்கள் அதைக் கேட்டுத்தான் நடந்தன. அதை ஷேர்டாக வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். ஷேர்டு என்றால் பொதுச் சமையலறை மாதிரி. குழம்பில் உப்பு குறைந்தால் ஒரு இடத்தில் போட்டால் போதும், பதினோரு இலைக்கும் சரியாகிவிடும். ஸ்டாடிக் என்றால் ஆளாளுக்கு டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போவது; சமையலறையில் என்ன திருத்தினாலும் பாக்ஸில் இருப்பது மாறாது. "ஒருத்தர் தப்பு பண்ணா பதினோரு பேரும் படுத்துருமே பாய்" என்று எதிர்த்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "தப்பு பண்ணா நான் இருக்கேன்ல" என்பார் ஜைனுதீன். வாய்ப்பேச்சு இல்லை, இருந்தார்.

பதினோராவது ப்ரோகிராம் கவினுடையது. ஈரோட்டுக்காரன். மூன்று வருடம் முன்பு வேலை போய் நின்றபோது அவன் ரெஸ்யூமேவை மேனேஜர் மகாதேவனிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "என் தம்பி மாதிரி சார்" என்று சொல்லி உள்ளே சேர்த்தவர் ஜைனுதீன். நல்லது செய்தவனுக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்பார்கள். செய்யப்பட்டவனுக்காவது இருக்க வேண்டாமா?

இந்த வருடம் ஜூலை நாலு சனிக்கிழமை. சனியில் விடுமுறை விழுந்தால் முந்தின வெள்ளியையும் விடுமுறையாக எண்ணிவிடும் ஒரு பிழை லைப்ரரியில் இருப்பதை ஜைனுதீன் ஜூன் கடைசியில் கண்டுபிடித்தார். வங்கிக்கோ அந்த வெள்ளி வேலை நாள். ஒரே ஃபைலைத் திருத்தினார், மாற்றினார், "பதினோரு ப்ரோகிராமும் சரி" என்று எல்லோருக்கும் மெயில் போட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. பத்து அவருக்கே தெரியும், பதினோராவது கவினுடையது; தம்பி வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தா நுழைவார்கள்? கவினும் மெயிலுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டியிருந்தான்.

வெள்ளிக்கிழமை போக வேண்டிய பணம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது, கவினின் ப்ரோகிராமில் மட்டும். திங்கள் காலை மீட்டிங்கில் மகாதேவன் அந்த மெயிலைத் திரையில் போட்டார்.

"பதினொண்ணும் சரின்னு எழுதியிருக்கீங்க ஜைனுதீன். செக் பண்ணீங்களா?"

"பண்ணல சார். ஆனா ஷேர்டு லைப்ரரி, ஒண்ணு மாறினா எல்லாம் மாறியிருக்கணும்."

"மாறலையே."

கவின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தான், மூடினான்.

மேசைக்கு வந்ததும் ஜைனுதீன் கவினுடைய ப்ரோகிராமைத் திறந்தார். ஒரு ப்ரோகிராம் எந்தெந்த லைப்ரரியை நம்பி ஓடுகிறது என்று பட்டியல் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதை அடித்தார். பட்டியலில் அவருடைய லைப்ரரியின் பெயர் இல்லை. இரண்டாவது தடவை அடித்தார், அப்போதும் இல்லை. பழைய லைப்ரரியை, பிழையோடு சேர்த்து, கவின் தன் ப்ரோகிராமுக்குள் ஸ்டாடிக்காகக் கட்டி வைத்திருந்தான். கட்டிய தேதி மே இருபத்தேழு.

தன்மேல் தப்பில்லை என்ற நிம்மதியோடு, பாவம் மனுஷன், அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மகாதேவன் அறைக்கு ஓடினார். மகாதேவன் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும். நான்தான் கவினை அப்படிப் பண்ணச் சொன்னேன்."

"எதுக்கு சார்?"

"உங்க கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. பட்ஜெட் இல்ல. நீங்க போனப்புறம் உங்க ஃபைலை நம்பி எப்படி ஓட்டுறது? மத்த பத்தையும் ஒண்ணொண்ணா மாத்தப் போறோம். அடுத்த வாரம் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன், சாரி."

ஆக, மீட்டிங்கில் தெரியாத ஆள் அவர் ஒருவர்தான்.

வெளியே வந்து நிற்கும்போதுதான் மே இருபத்தேழு உறைத்தது. அன்று ஹஜ்ஜுப் பெருநாள். அவர் லீவு. சாயங்காலம் கவினும் அவன் மனைவி வான்மதியும் வீட்டுக்கு வந்தார்கள். ஜைனுதீனின் மனைவி ரசியா பேகம் பரிமாறிய பிரியாணியைக் கவின் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பாட்டுக்குப் பிறகு ஜைனுதீன் அவனிடம் ஒரு யோசனை கேட்டார். ஹூஸ்டனில் ஒரு கம்பெனி வேலை தருவதாகக் கடிதமே அனுப்பியிருந்தது. அதற்குப் பக்கத்து ஊரான பேர்லேண்டில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள் ரசியா. போகலாமா?

"எதுக்கு பாய் அலையுறீங்க? இங்க எக்ஸ்டென்ஷன் கன்ஃபார்ம். நீங்க இல்லாம இந்த டீம் ஓடுமா?" என்றான் கவின். மறுநாளே ஜைனுதீன் ஹூஸ்டனுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து ஒரு மாதமாகிறது.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கழுவிய கை காயும் முன்பே செய்ததை இப்போதுதான் பார்க்கிறோம்.

அந்தத் திங்கள் சாயங்காலமே ரயில் நிலையத்தில் கவினைப் பிடித்தார். அடித்துவிடுவோமோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

"பெருநாளன்னிக்கு என் வீட்டுக்கு வரும்போதே நான் போகப் போறது உனக்குத் தெரியுமா?"

"மகா சார் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார் பாய். என் கிரீன் கார்டும் அவர் கையிலதான் இருக்கு."

"சரி, சொல்ல வேணாம். சொல்லாம இருந்திருக்கலாம்ல? ஹூஸ்டனுக்குப் போகாதீங்கன்னு ஏன் சொன்ன?"

கவின் தண்டவாளத்தைப் பார்த்தான். பொய் சொல்ல நேரமிருந்தது. அந்த ஒரு மரியாதையைச் செய்தான், சொல்லவில்லை.

"நீங்க அப்பவே போயிருந்தா உங்க லைப்ரரி எனக்குப் புரிஞ்சிருக்காது பாய். கேட்டுக் கத்துக்க இன்னும் ரெண்டு மாசம் தேவைப்பட்டுச்சு."