பானெட்டில் வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு மறுநாள் எங்கள் வீடு கையைவிட்டுப் போய்விடும் என்று நான் முழுதாக நம்பினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. காரணம் ஒரு பொட்டு. வைத்தவள் நான்.

வீடு என்றால் சொந்த வீடு அல்ல. மலேசியாவின் ஈப்போ நகரில் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி ஒருவரின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள். அப்பா அவருக்குக் கார் ஓட்டினார். அதற்கு முன் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கட்டில், அலமாரி, சாமி படம், நான் எல்லாம் ஒரே லாரியில் ஏறி வந்தோம். வழியெல்லாம் அம்மா சாமி படத்தை மடியைவிட்டு இறக்கவில்லை. அதற்குப் பிறகு வாசலில் எந்த லாரி நின்றாலும் நான் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன்.

பங்களாக்காரரை நாங்கள் ஐயா என்போம். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். மனைவி இறந்து தனியாக இருந்தார். ஒரே மகள் வெளிநாட்டில். மிச்சமிருந்த பாசத்தையெல்லாம் தன் கறுப்புக் காரின்மேல் கொட்டியிருந்தார். அப்பாவும் சளைத்தவர் அல்ல. காரில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கு அப்பாவுக்குச் சோறு இறங்காது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் மெழுகுப் பரீட்சை நடக்கும். காருக்கு மறுபடி மெழுகு பூசும் நேரம் வந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் பரீட்சை. ஈப்போவில் காலையில் வெயில் உரிக்கும், சாயங்காலம் மழை கொட்டும். இரண்டிலும் அடிபட்டு மெழுகு எப்போது தேயும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளை எண்ணாதே, தண்ணியைக் கேளு என்பது அப்பாவின் கொள்கை. ஒரு குவளைத் தண்ணீரைக் காரின்மேல் விசிறுவார். துளிகள் சின்னச் சின்னதாய், உருண்டு, தனித்தனியாய் நின்றால் மெழுகு உயிரோடு இருக்கிறது. பெருத்துத் தட்டையானால் இன்னும் கொஞ்ச நாள். ஒன்றோடொன்று சேர்ந்து பாய் விரித்ததுபோல் கிடந்தால் முடிந்தது, டின்னைத் திறக்க வேண்டியதுதான். முன்பெல்லாம் ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, துளி துளியாகப் பரிசோதிப்பார். அந்த வருடம் குனிவதை விட்டுவிட்டார். நிமிர்ந்து நின்றபடியே அப்பாவைக் கேட்பார். முதுகுவலி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருட ஆயுத பூசை வெள்ளிக்கிழமை வந்தது. காருக்கு மாலை போடலாம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், சந்தனமும் குங்குமமும் மட்டும் நம்பர் தகட்டைத் தாண்டக் கூடாது என்பது ஐயாவின் உத்தரவு. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. நம்பர் தகடு காருக்கு மோவாய். மோவாயில் யார் பொட்டு வைப்பார்கள்? பூசை முடிந்து எல்லாரும் உள்ளே போனதும், காரின் நெற்றியாகிய பானெட்டின் நடுவில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தேன். மகாலட்சுமி மாதிரி இருந்தது.

மத்தியான வெயில் அந்தப் பொட்டைச் சுட்டு ஓடாக்கிவிட்டது. அப்போதுதான் ஐயாவின் உத்தரவு நினைவுக்கு வந்தது. மறுநாள் முதல் சனிக்கிழமை என்பதும் கூடவே வந்தது. ஈரத்துணியால் தேய்த்தேன், சந்தனம் போனது, குங்குமம் சிவப்பு வளையமாக நின்று என்னை முறைத்தது. அம்மாவும் அப்பாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவும் பச்சை சோப்பு இருந்தது. மீன் கவிச்சியையே எடுக்கும் சோப்பு. கை நிறைய அள்ளி வந்து தேய் தேய் என்று தேய்த்தேன். வளையம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றி அலசினேன்.

தண்ணீர் உருளவில்லை. நான் தேய்த்த இடம் முழுக்கப் பாயாக விரிந்து கிடந்தது. சுற்றிலும் முத்து முத்தாக நின்றது, நடுவில் மட்டும் மெழுகு செத்துப்போயிருந்தது. நல்லெண்ணெய் தடவினால் என்ன என்றுகூட யோசித்தேன். பாட்டிலை எடுக்கக் கை வரவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பாவை வேலையைவிட்டு நிறுத்துவார்கள், லாரி வரும், அம்மா மறுபடி சாமி படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். இத்தனையும் வரிசையாகக் கண்ணில் ஓடியது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அப்பா பக்கத்தில் போய் நின்றேன். "என்னம்மா, வயித்து வலியா? பூசைப் பலகாரம் நெறைய தின்னுட்டியா லா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

காலையில் ஐயா இடுப்பில் வெள்ளைச் சாரமும் கையில் தடியுமாக வெளியே வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். செருப்பு தரையில் தட்டிச் சத்தம் போட்டது, கழற்றிவிட்டேன். அப்பா தண்ணீரை விசிறினார். பானெட்டின் நடுவில் தண்ணீர் விரிந்து, மெதுவாக வழிந்து, நம்பர் தகட்டின் பொட்டைக் கரைத்துக்கொண்டு சொட்டியது.

"என்ன மாதிரி, முத்து நிக்குதோ?" என்றார் ஐயா.

அப்பா பானெட்டைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். என்னைப் பார்த்துவிட்டார்.

"நிக்குதுங்கய்யா. நல்லா உருண்டு நிக்குது."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. தண்ணீர் ஐயாவின் கண் முன்னால் விரிந்து கிடந்தது. ஐயா கையை நீட்டி, பானெட்டை உள்ளங்கையால் தடவினார். கீச்சென்று ஒரு சத்தம். கை அப்படியே நின்றது. அப்பா கையிலிருந்த குவளையில் மிச்சத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது.

"நல்லது. அப்ப அடுத்த மாசம் பாப்பம்" என்று சொல்லிவிட்டு, ஐயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. மத்தியானம் மெழுகு டின்னையும் துணியையும் கொண்டுவந்தார். "பாத்திர சோப்பு மெழுகத் தின்னுரும்மா. இனிமே போடாத. வட்டமா தேய்" என்றார். அதோடு சரி.

அடுத்த வருடம் ஐயாவின் மகள் வந்தார். ஐயாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டு வந்து, ஒரு வருடத்துக்கு மேலாகவே அவருக்கு வெளிச்சமும் நிழலும் தவிர எதுவும் தெரியவில்லையாம், கூடவே இருந்த உங்களுக்குத் தெரியாதா என்று அப்பாவைக் கேட்டார். "கவனிக்கலைங்கம்மா" என்றார் அப்பா. தினமும் பேப்பரை அவருக்கு வாசித்துக் காட்டியவர் அப்பாதான். ஐயாவை மகள் தன்னோடு அழைத்துப்போனார், பங்களாவைப் பூட்டினார்கள். எங்கள் வாசலுக்கும் லாரி வந்தது.

இன்று என்னிடம் ஒரு கார் இருக்கிறது, மெழுகு நானே பூசுகிறேன். மெழுகு உள்ள பெயிண்டில் கை வழுக்கிக்கொண்டு போகும். மெழுகு போன பெயிண்டில் கை பிடித்துப் பிடித்துக் கீச்சிடும். நாற்பது வருடம் கார் வைத்திருந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் அப்பாவைப் பார்த்து நீ சொல்வது பொய் என்று சொல்ல, தனக்குக் கண் தெரியவில்லை என்று முதலில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் செய்தி வெளியே போனால் ஐயாவுக்கும் வீடு இல்லை, எங்களுக்கும் வீடு இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அன்று காலை அந்தக் காரைச் சுற்றி மூன்று பேர் பயந்துபோய் நின்றிருக்கிறோம். பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்து, ஐயாவை ஏமாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் உள்ளே ஓடிப்போய், அம்மாவிடம் கேட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.