இரண்டாவது காஸ்கற்

சென்ற மாதம் கனடாவிலிருந்து வந்த ஓர் இளைஞர் என் கராஜுக்குள் கமெராவோடு நுழைந்தார். மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் இருக்கிறது என் கராஜ். பெரிதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள், நாலு தகரமும் ஒரு பள்ளமும்தான். தொண்ணூறுகளில், பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்களை மண்ணெண்ணெய்யில் ஓடவைத்தவர்களைத் தேடித் தேடிப் படம் பிடிக்கிறாராம். “அங்கிள், நீங்கள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரையே மண்ணெண்ணெய்யிலை ஓட விட்டனீங்களாமே. அதைக் கொஞ்சம் கதையுங்கோ” என்றார்.

கதைக்கச் சொன்னால் நமக்குக் கேட்கவா வேண்டும். சேலைன் குழாயால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவது, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பழைய காபரேற்றர் ஒன்றில் ஊற்றியும் காட்டினேன். “எங்கடை சனத்தின்ரை மூளை” என்று அவர் உருகினார். அவர் போன பிறகு மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கையில் மணம் போகவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிட்டேன்.

அவருக்குச் சொல்லாத பாதியை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்தக் கார் ஓவசியர் ஐயாவுடையது. வீதி வேலைகளை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டே இரண்டு சீற், கன்வஸ் கூரை, நிலத்தோடு ஒட்டிய சிவப்பு உடம்பு. மலைநாட்டில் வேலை செய்த காலத்தில் ஒரு தோட்டத்துரையிடம் வாங்கி, வேகம் கூட எஞ்சினின் தலையைச் சீவி, காபரேற்றர் இரண்டையும் தானே சுருதி சேர்த்து வைத்திருந்தார். சுருதி என்பது அவருடைய சொல். ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை ஒவ்வொரு காபரேற்றரின் வாயிலும் பிடித்து, இரண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுகிறதா என்று கேட்பார். அந்த நேரம் யாரும் இருமக்கூட முடியாது. அவருடைய மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, எங்களுக்கு ‘ரீச்சர்’. பிள்ளைகள் இல்லை. “எங்களுக்கு ரெண்டு சீற் காணும் தம்பி” என்று ரீச்சர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

ரீச்சருக்கு முட்டு வருத்தம். மாரி வந்தால் மூச்சு இழுக்கும். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். பெற்றோல் மருந்துப் போத்தலில் வந்த காலம் அது. ஓவசியர் ஐயா மண்ணெண்ணெய் விடமாட்டேன் என்று ஆறு மாதம் பிடிவாதமாக இருந்துவிட்டுக் கடைசியில் எங்கள் கராஜுக்கு வந்தார். கராஜில் நாங்கள் இரண்டு பேர், நானும் குருநகர் யேசுதாசனும். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. யாழ்ப்பாணத்தில் எஞ்சின் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எண்ணம். யேசுதாசனுக்குத்தான் உண்மையில் தெரியும். படகு எஞ்சின்களை மண்ணெண்ணெய்யில் ஓட்டிக் கடலுக்குப் போகிற சனத்தில் பிறந்தவன்.

“தலை சீவின எஞ்சின். உள்ளுக்கை அமுக்கம் கூட. மண்ணெண்ணெய் இதுக்கை வெடிக்கும், பிஸ்ரனைத் தின்னும்” என்றான். எஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் காஸ்கற்றோடு இன்னொன்றையும் செப்புத் தகட்டில் வெட்டி அடுக்கினான். தலை சற்று உயர, அமுக்கம் குறைந்தது. தீப்பொறி விழும் நேரத்தையும் பிந்த வைத்தான். கார் ஓடியது. எப்படி ஓடியது என்று கேளுங்கள். உழவு இயந்திரம் கூட முந்திக்கொண்டு போனது. ஓவசியர் ஐயா இறங்கி, பொனற்றை ஒரு தரம் தடவிவிட்டு, “ஓடுது தானே. காணும்” என்றார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பரிதாபம் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அவர் வாயால் ஒரு பாராட்டு வேண்டும் என்று எனக்கு நாக்கு ஊறியது.

அடுத்த ஞாயிறு யேசுதாசன் பூசைக்குப் போயிருந்தான். நான் தலையைக் கழற்றி, அவன் வெட்டிய செப்புத் தகட்டை எடுத்துவிட்டுத் திருப்பிப் பூட்டினேன். தீப்பொறியையும் கொஞ்சம் முந்த வைத்தேன். பிறகு ஐயாவை ஏற்றிக்கொண்டு கோண்டாவில் வரைக்கும் ஒரு ஓட்டம். சந்தையில் மரக்கறி விற்கிற பெண்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். ஐயா சிரித்தார், வாய் விட்டுச் சிரித்தார். “தம்பி, இதுதான் என்ரை கார்.” வேகம் எடுக்கும்போது உள்ளே காப்பு குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“உதென்ன சத்தம் தம்பி?”

“வால்வுச் சத்தம் ஐயா. உது ஒண்டும் செய்யாது.”

மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடிக்கிற சத்தம் அது. எனக்குத் தெரியும். யேசுதாசனிடம் மூச்சு விடவில்லை. அந்த வருட வைகாசி முழுவதும், ஆனி முழுவதும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் சண்டை நெருங்கி வந்தது. எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. செம்மணி வெளியில் அடிமேல் அடி வைத்துத்தான் போக முடிந்தது. மழை வேறு. எனக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சிவப்புக் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு அதன் பின்னால் போனேன். கன்வஸ் கூரை ஒழுகியது. ரீச்சர் தலையில் சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் சூட்டுக்குக் காலை நீட்டி இருந்தார். நாவற்குழிப் பாலம் தாண்டியதும் சனம் சற்று விலகியது. ரீச்சருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. ஐயா வேகம் எடுத்தார். அந்தக் காப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நீலப் புகை. கார் நின்றுவிட்டது.

நான் ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்தேன். எண்ணெய் ஊற்றும் வாயால் புகை வந்தது. பிஸ்ரன் ஓட்டை. கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. ஐயா மழையில் நின்று என்னைப் பார்த்தார். “அக்சிலேற்றரைக் கூட அமத்திப்போட்டன் போலை தம்பி. அவளுக்கு இழுத்தது, அந்தப் பதற்றத்திலை அமத்திப்போட்டன்.” நான் பொனற்றை மூடினேன்.

ரீச்சரை என் சைக்கிள் கரியரில் இருத்தி, ஐயா ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு சாவகச்சேரி வரைக்கும் நடந்தோம். மழை விடவில்லை. எத்தனை மணித்தியாலம் என்று தெரியாது. ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், மருந்தில்லாமல், எட்டாம் நாள் ரீச்சர் போய்விட்டார்.

அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பி வந்தபோது நாவற்குழியில் கார் இல்லை. யார் இரும்புக்கு அறுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. யேசுதாசன் வன்னிப் பக்கம் போனவன், திரும்பவில்லை. காஸ்கற்றை நான் எடுத்தது தெரியாமலே போய்விட்டான்.

யுத்தம் முடிந்து, கீரிமலைக்குச் சனத்தைப் போகவிட்ட பிறகு, ரீச்சரின் திவசத்துக்கு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. அன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று முதல் நாளே வசனங்களைக்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன். கேணியில் முழுகி, பிண்டத்தைக் கடலில் விட்டுவிட்டு, ஈர வேட்டியோடு படியில் இருந்தார். நான் வாயைத் திறக்க முன் அவரே கதைத்தார்.

“நான் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம் என்ன தம்பி. அவள் இருந்திருப்பாள்.”

இத்தனை வருடமும் அதை மட்டும்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார். என்னைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

“ஓம் ஐயா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வேட்டியைப் பிழிந்தார். அடுத்த மாரிக்குள் அவரும் போய்விட்டார். அந்த ‘ஓம்’ என்ற சொல்லைத் திருப்பி வாங்க இனி எனக்கு ஆளில்லை.