கதையில் இல்லாத நாத்தனார்

எங்கள் மாலைக் கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். பகலெல்லாம் பஸ் நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கத்திக் கத்திப் பழகிய தொண்டை. காதோடு ரகசியம் சொன்னாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும். இங்கிலீஷ் இலக்கியத்துக்கு எங்களுக்கு அவளை விட்டால் வேறு கதி கிடையாது.

நான் பேக்கரியில் மாவு பிசைகிறவள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இங்கிலீஷ்தான் நாக்கு நுனிவரைகூட வராது. அந்தப் பாடத்தில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் கல்லூரியிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். வீட்டுக்காரர் வேறு, "இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று ஆரம்பித்திருந்தார். அவர் வாயை அடைப்பதற்காகவாவது நான் பாஸாகியே தீர வேண்டும்.

ரேடியோ சொல்லிக்கொடுக்கும் முறையே தனி. முதலில் புத்தகத்தை மூடச் சொல்வாள்.

"அக்கா, முதல்ல வம்பு, அப்புறம் இங்கிலீஷ். இந்தப் பொம்பளை உன் பக்கத்து வீட்டுல இருக்கான்னு வெச்சுக்கோ. அவளைப் பத்தி என்ன பேசுவே?"

எங்கள் பாட நாவலில் ஒருத்தி, கப்பல் வேலைக்குப் போன புருஷனைக் கேட்காமலே வீட்டை விற்றுவிடுகிறாள். நானும் தையல்காரியும் ஆஸ்பத்திரி ஆயாவும் கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து அவளைக் கிழி கிழியென்று கிழித்தோம். பேசி ஓய்ந்ததும் அதையே துண்டு துண்டாக இங்கிலீஷில் சொல்ல வைப்பாள் ரேடியோ. தப்பாகச் சொன்னால் சிரிக்கவே மாட்டாள். "வண்டி நகருதுல்ல? ஓட்டு!" என்பாள். இவ்வளவுக்கும் எங்களிடம் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. கேட்டால், "தனியா படிச்சா எனக்குத் தூக்கம் வருது" என்பாள்.

அந்தப் புருஷன் கப்பலை விட்டு இறங்கும்போதே கோபமாக வருகிறான். அவனிடம் யார் போட்டுக்கொடுத்தது? புத்தகத்தில் இல்லை.

"வேற யாரு? நாத்தனாராத்தான் இருக்கும்" என்றாள் தையல்காரி. அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் ஆகாது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டோம். அந்த நாத்தனாருக்கு வீட்டின் மேல் ஒரு கண் என்றாள் ஆயா. மறுநாள் ரேடியோவே அவளைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்தி வந்த அன்று பேராசிரியர் எங்கள் நால்வரையும் தன் அறைக்கு அழைத்தார்.

"நாலு பேரும் நாத்தனாரைப் பத்தி எழுதியிருக்கீங்க. இந்த நாவல்ல நாத்தனாரே கிடையாது! பார்த்து எழுதினதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? நாலு பேருக்கும் பூஜ்யம்தான்."

ரேடியோ மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சார், தப்பு என் மேல. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு மட்டும் பூஜ்யம் போடுங்க. பாவம், இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

ஒன்றும் தெரியாதா! எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அவர் மேஜையில் இருந்த நாவலை எடுத்துப் பிரித்து, புருஷன் கப்பலை விட்டு இறங்கும் பக்கத்தில் விரலை வைத்தேன். வீடு விற்றது இவனுக்கு எப்படித் தெரிந்தது? யாரோ சொல்லித்தானே தெரியும்? யாரென்று புத்தகம் சொல்லாவிட்டால் நாங்கள் யோசிக்கக் கூடாதா? பாவம், அவள் பிள்ளைகளுக்குச் சோறு போடத்தானே விற்றாள்! மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். "நோ, நோ!" என்று தையல்காரி குறுக்கே விழுந்தாள், சோற்றுக்காக இல்லையாம், புருஷன் மேல் இருந்த ஆத்திரத்தில் விற்றாளாம். அவர் கண்ணெதிரிலேயே இரண்டு பேரும் மோதிக்கொண்டோம்.

பேராசிரியர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.

"நாத்தனாருக்கு மார்க் கிடையாது. அவ நீங்களா கட்டிவிட்டது. ஆனா பார்த்து எழுதினவங்க இப்படி அடிச்சுக்க மாட்டாங்க. நாலு பேரும் உட்காருங்க. மறுபடி எழுதுங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க இப்ப சொன்னதை அப்படியே எழுதினாப் போதும்."

"இங்கிலீஷ்லயா சார்? எனக்கு எப்படி வரும்?"

"இவ்வளவு நேரம் வேற எதுல சண்டை போட்டீங்க?"

ரேடியோவைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"ஓட்டு, அக்கா" என்று காதோடு சொன்னாள். வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.