ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் பந்தயம்

பாபநாசம் கடைவீதியில் ஓர் அச்சகம். அதன் பின்னறையில்தான் எங்கள் மாதமிருமுறை விவசாயப் பத்திரிகை தயாரானது. தஞ்சாவூரில் ஒரு நாளிதழில் சில வருஷம் இருந்துவிட்டு நான் இங்கே வந்திருந்தேன். செய்தி எழுதுவது நான். கம்ப்யூட்டரில் அடித்துப் பக்கம் கட்டுவது அவள். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்திருந்த சமயம்.

கம்ப்யூட்டர் பழையது. பக்கத்தில் ஒரு படத்தைச் சற்று நகர்த்தினால் திரை முழுவதும் வெள்ளையாகிவிடும். பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பக்கத்தை மறுபடி வரைந்துகொண்டு வரும். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்போம்.

"எங்கம்மா இதைவிட வேகமா நட்டு முடிச்சுக் கரையேறிடுவாங்க சார்" என்றாள் முதல் வாரத்திலேயே.

அவள் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். என் ஊர் அவர்கள் ஊருக்கு ஒரு வாய்க்கால் தள்ளி. எங்கள் வயலிலும் அவர் நட்டிருக்கிறார். கூலி உயர்வு கேட்டு அவள் அப்பா கொடி பிடித்து வரப்பில் நின்ற வருஷத்தில், என் அப்பா வெளியூரிலிருந்து நடவு ஆட்களை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். இது இரண்டு பேருக்கும் தெரியும். நாங்கள் இதைப் பேசியதில்லை. திரை வரைந்து முடிப்பதற்குள் பேசிய மற்றதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. பஸ் கண்டக்டரின் பாட்டு, அவள் தம்பியின் கணக்குப் பரீட்சை, எந்தக் கடையில் பரோட்டாவுக்குச் சால்னா தாராளம் என்பது. பக்கம் வந்து முடிந்ததும் பேச்சு பாதியில் நிற்கும். அடுத்த படத்துக்காக நான் காத்திருப்பேன்.

அந்த நாளில் டெல்டாவில் நெல் விற்ற காசில் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னார். நான் எழுதியது அமெரிக்காவின் இரண்டு ப்ராசஸர் கம்பெனிகளின் போட்டியை. ஒன்று பெரியது, உலகத்தில் பாதிக்கு மேல் அதன் கையில். மற்றது எப்போதும் இரண்டாவதாக வருவது. ஒருவர் ஒரு வேகத்தை அறிவித்தால் மற்றவர் அதைத் தாண்டி ஒன்றை அறிவிப்பார். ஆயிரம் மெகாஹெர்ட்ஸை யார் முதலில் தொடுவது என்பதில் போட்டி வந்து நின்றிருந்தது.

முதலாளி படித்துவிட்டுக் கேட்டார். "இது மோட்டாருக்கு எச்.பி. பாக்குற மாதிரிங்களா தம்பி?"

"கிட்டத்தட்ட."

"அப்ப எவன் ஜெயிக்கிறானோ அவன்கிட்டயே புதுசு வாங்கிப்புடுவோம்."

அவள் இரண்டாவது கம்பெனியின் கட்சி. நான் பெரியதன் கட்சி. பந்தயத்தை ஆரம்பித்தது நான்தான். யார் கம்பெனி முந்துகிறதோ அவர் ஒரு கேள்வி கேட்கலாம். தோற்றவர் மறுக்காமல் உண்மையான பதில் சொல்ல வேண்டும்.

"பெரிய இடத்துப் பக்கமே நிப்பீங்களா சார்?" என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

என்னிடம் கேள்வி தயாராக இருந்தது. என்னைக் கல்யாணம் செய்துகொள்வாளா என்பதுதான் அது. வேறு எந்த வழியிலும் அதைக் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. அவள் பெங்களூரில் வேலைக்கு மனு போட்டிருந்தாள். அது கிடைப்பதற்கு முன்னால் கேட்டாக வேண்டும்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, பெரிய கம்பெனி ஆயிரத்தைத் தொட்டுவிட்டது என்று பேப்பரில் இருந்தது. செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் பின்னறைக்குள் நுழைந்தேன்.

"ஜெயிச்சாச்சு. பேப்பரைப் பாருங்க."

அவள் பேப்பரைப் பார்க்கவில்லை. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் நாளிதழிலிருந்து வெட்டி அவளிடம் கொடுப்பது என் வழக்கம். அவள் அந்த எண்களை அட்டவணையில் ஏற்றுவாள். கிளிப்பில் இருந்த அந்த வெட்டுத்துண்டுகளில் ஒன்றை உருவி என் முன் வைத்தாள்.

"நீங்க வெட்டுன மேட்டூருதான். திருப்பிப் பாருங்க."

மறுபக்கத்தில் ஒரு செய்தி. என் கத்தரிக்கோல் அதன் தலைப்பைப் பாதியில் அறுத்திருந்தது. ஆனாலும் கம்பெனியின் பெயரும் ஆயிரமும் தப்பியிருந்தன. இரண்டாவது கம்பெனி இரண்டு நாள் முன்னாலேயே அறிவித்திருக்கிறது. வெட்டியது நான். தண்ணீர் எவ்வளவு என்று பார்த்ததோடு சரி.

"பத்திரிகைக்காரர் ஒரு பக்கம்தான் படிப்பீங்களோ?"

"சரி. தோத்துட்டேன். கேளுங்க."

அவள் ஒரு படத்தை நகர்த்தினாள். திரை வெள்ளையானது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஜெயிச்சிருந்தா என்ன கேட்டிருப்பீங்க?"

மறுக்க முடியாது. சொன்னேன்.

மேலே இரண்டு பத்திகள் வந்தன. படத்தின் பாதி வந்தது. அந்த நேரம் பார்த்து வயல் பக்கம் மும்முனை மின்சாரம் வந்திருக்க வேண்டும். இலவச மின்சாரத்தில் கோடை நெல்லுக்கு எல்லா பம்புசெட்டும் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் கடைவீதியில் வோல்டேஜ் இறங்கிவிடும். டியூப்லைட் மங்கியது. திரை அணைந்தது.

அவள் ஸ்டெபிலைசரைக் கையால் தட்டினாள்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க பதில் சொல்லலையே" என்றேன்.

"தோத்தவங்கதானே பதில் சொல்லணும். நான் ஜெயிச்சுட்டேனே" என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கை மட்டும் ஸ்டெபிலைசர் மேலேயே இருந்தது. கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றது. அடித்த பக்கம் போய்விட்டிருந்தது. முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.

குறுவை நாற்றங்காலுக்கு முன் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டு, என்னிடம் "வரேன் சார்" என்று சொல்லிப் போனாள்.

முதலாளி சொன்னபடி ஜெயித்த கம்பெனியின் ப்ராசஸர் வைத்த கம்ப்யூட்டரையே வாங்கினார். ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் கட்டுப்படியாகவில்லை. அதற்குக் குறைந்த ஒன்று. சந்தனம் குங்குமம் வைத்து அதை ஓட்டினார்கள். படத்தை நகர்த்தினேன். திரை வெள்ளையாகவே இல்லை. விரலை எடுப்பதற்குள் படம் போய் உட்கார்ந்திருந்தது. புதிதாக வந்த பையன் நல்லவன், வேகமானவன். அவனோடு நான் அதிகம் பேசியதில்லை. இடைவெளியே இல்லை.

இப்போதும் மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்த்ததும் தாளைத் திருப்பிவிடுகிறேன். மறுபக்கத்தில் பெரும்பாலும் தங்கம் விலை இருக்கிறது.