மூன்றாவது பட்டன்

கல்லூரியிலிருந்து போன் வந்தபோது நான் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லப் பழக்கிக்கொண்டிருந்தேன். முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. போனில் பேசிய பெண், "உங்க பையன் விஷயமா ஒரு ராகிங் புகார். நாளைக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுது. பெத்தவங்கள்ல ஒருத்தர் கண்டிப்பா வரணும்" என்றார். யாரோ என் மகனைப் போட்டு அடித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் புரிந்தது. "அடி பலமா மேடம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க பையன் பண்ணினதாத்தான் புகார்" என்றார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காயப் போட்ட துணியை எனக்கு முன்னால் எடுத்து மடித்து வைக்கிற பிள்ளை அவன். அப்பாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவன் தாத்தா இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர், அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இவன் கடைசி வருஷம் பி.காம்.

அன்று மாலை அவனிடம் கேட்டேன். செல்போனிலிருந்து கண்ணை எடுத்து, பொறுமையாகத்தான் பதில் சொன்னான்.

"ஒண்ணும் இல்லம்மா. ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் பஸ்ல இருந்து விழுந்துட்டான். கையில ஃபிராக்சர். எவனோ எங்க ரூட்டு மேல போட்டுக் குடுத்துட்டான்."

ரூட்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒரே தடத்துப் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் பையன்கள் சேர்ந்து வைத்துக்கொள்கிற கூட்டம் அது. பஸ் நம்பர்தான் சங்கத்தின் பெயர். தலைவனுக்கு 'ரூட்டு தல' என்று பட்டம். அந்தப் பையன்கள் பஸ் கூரைமேல் ஏறி ஆடுவதை டி.வி.யில் காட்டும்போதெல்லாம், இதுகளைப் பெத்தவங்க எங்கதான் போய்த் தொலைஞ்சாங்க என்று வாய் வலிக்கத் திட்டுகிற ஆள் நான்.

"உங்க ரூட்டுக்கு யாருடா தல?" என்று கேட்டேன்.

"நான்தாம்மா" என்றான், வீட்டுக்குப் பால் வாங்கி வந்துவிட்டேன் என்று சொல்வதுபோல. "சும்மா ஒரு பேருதான். பசங்க வச்சிட்டானுங்க."

நான் அதையும் நம்பினேன். கெட்டிக்காரப் பிள்ளை, நாலு பேர் பேச்சைக் கேட்கிறார்கள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கல்லூரியை விட்டு அனுப்பிவிட்டால் டிகிரி கிடைக்காதே என்ற பயமும் இருந்தது. அவன் அப்பாவுக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை. "நீயே போய்ட்டு வா. உனுக்குத்தான் பேச வரும். நான் வந்தா கோவத்துல எதுனா சொல்லி, கீறதும் பூடும்" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடைசி வருஷம் சார். ஏழைப்பட்ட குடும்பம் சார். கொஞ்சம் மனசு வைங்க சார்.

பிரின்சிபால் அறைக்கு வெளியே பெஞ்சில் கையில் கட்டோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, எஸ்டேட் கம்பெனிக்காரர்கள் போடும் நீலக் கோட்டைக் கழற்றாமல் அப்படியே வந்திருந்தார். பையனைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. போன மாசம் என் மகன் கூட்டி வந்த பையன்களோடு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன்தான் அவன். தெரிந்த பிள்ளை, இது சின்ன விஷயம்தான், பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே பிரின்சிபால், இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஆசிரியை. என் மகன் ஒரு பக்கம், அந்தப் பையன் ஒரு பக்கம். எங்கள் இரண்டு அம்மாக்களையும் சுவர் ஓரமாக உட்கார வைத்தார்கள். பிரின்சிபால் அந்தப் பையனிடம் எப்படி விழுந்தாய் என்று கேட்டார்.

"நானே ஸ்லிப் ஆயி வுயுந்துட்டேன் சார்."

"ஓடுற பஸ்ல இருந்து உன்னை இறங்கச் சொன்னாங்கன்னு பார்த்தவங்க சொல்றாங்களே?"

"அப்டிலாம் இல்ல சார்."

மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தார்கள். அவன் மாற்றிச் சொல்லவில்லை. பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அடிபட்டவனே இப்படிச் சொன்னால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார். அதோடு முடிந்திருக்கும். என் மகனை எச்சரித்து அனுப்பியிருப்பார்கள். போகிற போக்கில், ஒரு மரியாதைக்காக, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று என் பக்கம் திரும்பினார்.

எனக்குத்தான் பேச வருமே. ஒத்திகை பார்த்ததை எல்லாம் விட்டுவிட்டு மனதிலிருந்தே பேசினேன்.

"சார், என் பையன் எப்படிப்பட்டவன்னு இந்தத் தம்பியே சொல்லும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாப் பசங்களையும் எங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வந்தான். இந்தக் காலத்துல அப்படிப் பிள்ளைங்களைப் பார்க்கவே முடியாது சார். இந்தத் தம்பியோட வந்த சின்னப் பசங்க நாலு பேரும் என் பையன் முன்னாடி உக்காரவே இல்லை. அவ்ளோ மரியாதை. பெரிய பசங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்னு தண்ணி ஊத்தினாங்க. எல்லார் தட்டையும் நான் வேணாம் வேணாம்னு சொல்லியும் அவங்களே கழுவி வச்சாங்க. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. அவங்கவங்க சட்டைப் பட்டனையே பார்த்துக்கிட்டு, கேட்டா மட்டும் பதில். இவ்ளோ அன்பா இருக்கிற பசங்க ஒருத்தரை ஒருத்தர் தள்ளி விடுவாங்களா சார்?"

நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஆசிரியை மட்டும் முன்னால் சாய்ந்து, "எந்தப் பட்டன்மா?" என்று கேட்டார்.

என்ன கேள்வி இது என்று நினைத்துக்கொண்டே என் நெஞ்சில் கை வைத்துக் காட்டினேன். "இதோ, இந்த இடம்."

"மூணாவது பட்டன்" என்றார் அவர் பிரின்சிபாலிடம். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "சீனியர் எதிர்ல ஜூனியர் நிமிர்ந்து பார்க்கக் கூடாதும்மா. சட்டையோட மூணாவது பட்டனைத்தான் பார்க்கணும். உக்காரக் கூடாது. அதுக்குப் பேரு மரியாதை இல்லை. ராகிங்ல அதான் முதல் பாடம்."

என் வீட்டு ஹாலில், நான் கோழிக் குழம்பை ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், என் கண் முன்னாலேயே அது நடந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துப் பூரித்துப் போய், எவ்வளவு நல்லா வளர்த்திருக்காங்க என்று எதிர்வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்திருக்கிறேன்.

ஆசிரியை அந்தப் பையன் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு எவ்வளவு நேரம் நின்னேப்பா?"

அவன் வாயைத் திறப்பதற்கு முன் என் மகனைப் பார்த்தான். பிரின்சிபால் எதிரில், நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பேசட்டுமா என்று அனுமதி கேட்டான். என் மகன் தலையை லேசாக ஆட்டினான். வேண்டாம் என்று. அதை நானே பார்த்தேன்.

அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த பையனின் அம்மா, "சொல்லுடா" என்றார். "இப்போ இன்னா, எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"நான் நிக்கலை மேடம்" என்றான் பையன். குரல் உடைந்துவிட்டது. "மத்தவங்கள்லாம் நின்னானுங்க. நான் உக்காந்துட்டேன். இந்த அம்மாதான் தோளைப் புடிச்சு, உக்காரு கண்ணுன்னு சொல்லி நாற்காலில உக்கார வச்சு சோறு போட்டாங்க. எயுந்திரிக்க வுடலை. தல எதிர்லயே உக்காந்து துன்னுட்டேன்னு அடுத்த நாள்லேர்ந்து பனிஷ்மென்ட்டு. குமணன்சாவடி சிக்னல்ல எறங்கி, பஸ்ஸு கூடவே ஓடி, அடுத்த ஸ்டாப்புல ஏறணும். டெய்லி. வுயுந்த அன்னிக்கி மழை, கால் வழுக்கிடுச்சு."

எனக்கு நினைவிருந்தது. இந்தப் பையன்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ஒல்லியாக இருக்கிறானே என்று நான்தான் இழுத்து வந்து உட்கார வைத்தேன். இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தான். கூச்சப்படுகிறான் என்று நினைத்துத் தோளை அழுத்தினேன். அப்போது என் மகன் எதிரில் உட்கார்ந்து, "சாப்புடுடா, அம்மா ஆசையா போடுறாங்க இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. பெற்று, இருபது வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியவில்லை.

பிரின்சிபால் என் மகனைக் கேட்டார். அவன் ஒளிக்கவில்லை. "ராகிங் இல்ல சார். மரியாதை. நாங்க ஃபர்ஸ்ட் இயர்ல குடுத்தோம், இவங்க இப்போ குடுக்குறாங்க. ரூட்டுல சேர்ந்தா அப்டித்தான்."

எங்களை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். இனி அந்த ரூட்டு என்று ஒன்று கிடையாது. அந்தப் பேரில் கூட்டம் கூடினால், பேட்ஜ் குத்தினால், பஸ்ஸில் தாளம் போட்டால் டிஸ்மிஸ். என் மகனுக்கு ஒரு செமஸ்டர் சஸ்பென்ஷன், அதன்பிறகு வந்து படிப்பை முடிக்கலாம். அவனோடு சேர்ந்து அந்தப் பையனை ஓட விட்ட சீனியர்கள் மூன்று பேருக்கும் அதே. டிகிரி போகாது என்று தெரிந்த நிமிஷம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததே என்று இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வராண்டாவில் பையனின் அம்மா என்னை வழிமறித்தார். திட்டப் போகிறார் என்று தயாராக நின்றேன். கேட்டுக்கொள்ளத் தயாராகவே இருந்தேன்.

"யக்கா, வுயுந்துட்டேன்னே சொல்லுடான்னு நான்தான் சொல்லிக் கூட்டியாந்தேன்" என்றார். "நீ பேசினதுல எல்லாம் வெளிய வந்துடுச்சு. உன் மேல தப்பு இல்ல. ஆனா நாளைக்கு இவன் எந்த பஸ்ஸுல போவான்? அத்த மட்டும் சொல்லு."

"இனிமே யாரும் கை வைக்க மாட்டாங்கம்மா. அதான் ரூட்டையே கலைச்சுட்டாங்களே" என்றேன்.

"அத்த நீ சொல்லக் கூடாது. உன் புள்ள சொல்லணும்."

அவர் கேட்டது நியாயம். தூணருகில் நின்றிருந்த என் மகனைக் கைகாட்டி அழைத்தேன். அந்தப் பையன் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். "இவங்ககிட்ட சொல்லுடா" என்றேன். "இந்தத் தம்பிக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு உன் வாயால சொல்லு."

என் மகன் கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம் பேசும் அதே குரலில் பேசினான்.

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் ஆன்ட்டி. சத்தியமா. ஆனா பசங்க ரொம்பக் கோவமா இருக்கானுங்க. அவனுங்க என்ன பண்ணுவானுங்கன்னு என்னால சொல்ல முடியாது."

என் வயிற்றில் பிறந்தவனைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். அந்த அம்மா மகனின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, டி.சி. கேட்பதற்காக ஆபீஸ் பக்கம் திரும்பி நடந்தார்.