மீலாவின் வெட்டிச் சுற்று

"மருமகள் ஏதோ பூட்டு செய்கிறாள்" என்று மீலா ஷெவெலோவாவின் மாமியார் செக் நாட்டு ப்ர்னோ நகரில் தன் டிராம் நிறுத்தம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். தப்பில்லை. வங்கி அட்டைக்குள் இருக்கும் நகக்கண் அளவுச் சில்லை வடிவமைப்பது மீலாவின் தொழில். அதன் ரகசியத்தை உடைக்க முடிகிறதா என்று பார்ப்பது அதே அலுவலகத்து ரடிமின் தொழில். கல்லூரியில் இருவரும் ஒரே பெஞ்சு.

சில்லு ரகசிய எண்ணைக் கொண்டு கணக்குப் போடும்போது மின்சாரம் ஏறி இறங்கும். அதை அளந்தே ரகசியத்தைத் திருடிவிடலாம். மென்பொருளால் மட்டும் அதை மறைப்பது, வாயைப் பொத்திக்கொண்டு விக்குவது மாதிரி, உடம்பு குலுங்கும். ஆகவே மீலா சில்லுக்குள்ளேயே இன்னொரு சுற்றை வைத்தாள். கணக்குப் போடும் முதல் சுற்று செய்வதற்கு நேர் எதிரானதை அது செய்யும். அதன் விடை யாருக்கும் வேண்டாம். மொத்த மின்செலவு மட்டும் எப்போதும் சமமாக இருக்கும்.

மறுநாள் சுற்றுகளின் வரைபடம் சில்லு செய்யும் ஆலைக்குப் போக வேண்டும். சில்லில் பொறித்தபின் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. மதியம் ரடிம், அலுவலகச் செருப்பை இழுத்துக்கொண்டு, வாயில் பிளம் பழம் வைத்த கொலாச் ரொட்டியோடு வந்தான்.

"சாப்பிட்டியா மீலா?"

"ஏன், கெட்ட சேதியா?"

"கணினியில ஓட்டிப் பாத்தேன். உன் பூட்டு திறந்துக்கிச்சு. காபி ஆறக்கூட இல்ல."

"புளுகாதடா! எதிர்ச்சுற்று இருக்கே?"

"எங்க இருக்கு? காட்டு, பாப்போம்."

தேடினாள். அவள் எழுதிக் கொடுத்த வடிவமைப்பில் இருந்தது. அதைச் சுற்றுகளாக அடுக்கித் தரும் நிரலின் இறுதி வரைபடத்தில் இல்லை. யாருக்கும் வேண்டாத விடை என்று கண்டதும், நிரல் அதை வெகு சிரத்தையாகத் துடைத்திருந்தது. பயனற்றது என்று சொல்லுமுன் யாருக்கு என்று கேட்க வேண்டும்; நிரலுக்கு அந்தக் கேள்வி கிடையாது. மீலாவும் தான் எழுதியதைச் சோதித்தாளே ஒழிய, வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.

எதிர்ச்சுற்றின் ஒவ்வொரு துண்டிலும் 'தொடாதே' என்று குறித்து நிரலை மறுபடி ஓட்டினாள். சில்லு பருத்தது. மேலாளர் தாலிபோர் எட்டிப் பார்த்தார்.

"வெட்டியா ஒரு சுற்றுக்கு இவ்வளவு இடமாம்மா?"

"வெட்டியா இருக்கிறதுதான் சார் அதோட வேலை."

அவர் தலையைச் சொறிந்தார். "சரி. ரடிம் உடைக்கலைன்னா அனுப்பு. உடைச்சான்னா ஆலைக்காரன்கிட்ட நீயே பேசிக்கோ."

ரடிம் புது வரைபடத்தைக் கணினியில் ஓட்டி, மின்செலவு காட்டும் கோட்டைப் பார்த்தபடி திரையை விட்டு நகரவில்லை. மீலா அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. தட்டையா கிடக்கு. போரடிக்குது."

"இன்னொரு தடவை சொல்லு."

"போரடிக்குது தாயே! போய் அனுப்பித் தொலை."

அனுப்பினாள். திரும்பி வந்து அவனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் ஏற்ற இறக்கமின்றிக் கிடந்த அந்த மின்செலவுக் கோட்டை, காற்றில்லாத நாளில் குளத்தைப் பார்ப்பதுபோல, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.